பீடா ஆகாத ரோஜா: சேலம் வெயிலுக்கு ஒரு அத்தர்

ரோஜா வாசனையில் ஒரு சென்ட் கலக்கலாம் என்று நம் ஊரில் உட்கார்ந்தால் மூக்குக்கு முன்னால் நாக்கு வந்து நிற்கிறது. ரோஜாவோடு கிராம்பையும் பழத்தையும் சேர்த்தால் பாரிஸில் அது இரவு விருந்துக்குப் போட்டுக்கொள்ளும் வாசனை. சேலத்தில் அது இனிப்பு பீடா. குல்கந்து, கிராம்பு, ஏலக்காய், மேலே குத்திய ஒரு செர்ரி, அவ்வளவுதான். ரோஜாவோடு ஏலக்காய் மட்டும் என்றால் குலாப் ஜாமூன். கொஞ்சம் பால் வாசம் தட்டினால் ரோஸ்மில்க். எதுவும் சேர்க்காமல் தனியாக விட்டால் கல்யாண மண்டப வாசலில் தெளிக்கிற பன்னீர். பூவாக முகர்வதற்கு முன்பே ரோஜாவைத் தின்றும் குடித்தும் பழகிய மூக்கு நம்முடையது.

அதனால் எனக்கு நானே கொடுத்துக்கொண்ட வேலை இதுதான்: காரமும் பழமும் இருக்க வேண்டும், ரோஜாதான் நடுவில் நிற்க வேண்டும், பக்கத்தில் உட்காருகிற யாருக்கும் வாயில் எச்சில் ஊறக் கூடாது.

இந்த ஆசை எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். காரப் பழ ரோஜா என்பது சென்ட் உலகத்தில் பெயர் பெற்ற ஒரு வகை. 1979ல் கெர்லான் வெளியிட்ட நஹேமா பழச்சாறு தளும்புகிற ரோஜா. 2010ல் பிரெடெரிக் மால் நிறுவனத்துக்காக டொமினிக் ரோப்பியோன் செய்த 'போர்ட்ரெய்ட் ஆஃப் எ லேடி' அதே ரோஜாவுக்குக் கிராம்பு, பட்டை, ராஸ்ப்பெர்ரி, பிளாக்கரண்ட் எல்லாம் போட்டு, அடியில் பச்சோலி இலை எண்ணெயையும் தூபப் புகையையும் கனமாக வைத்தது. துபாயிலிருந்து வந்த மாமா பெண் அதில் ஒரு சின்ன சாம்பிள் குப்பியைக் கையில் கொடுத்தாள். மணிக்கட்டில் ஒரு தொடுதல், கழுத்தில் ஒரு தொடுதல். அப்படியே செவ்வாய்ப்பேட்டையில் சித்தப்பாவின் வெள்ளிப் பட்டறைக்குப் போனேன். கொலுசுக் கண்ணி பற்றவைத்துக்கொண்டிருந்தவர் தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

"என்ன கண்ணு, பீடா போட்டிருக்கியா?"

சிரிப்பு வந்தாலும் அவர் சொன்னது சரியான விமர்சனம். ஒரு மணி நேரம் கழித்துப் பச்சோலியும் புகையும் மேலே வந்தபோது அந்த சென்ட் அற்புதமாக இருந்தது. இருட்டான, ஈர மண்ணில் விழுந்து கிடக்கிற ரோஜா. ஆனால் ஏப்ரல் மாதம், வெளியே 38 டிகிரி, பட்டறைக்குள் கேஸ் ஊதுகுழல் வேறு. அந்தச் சூட்டில் கிராம்பும் பழமும் முதலில் ஓடி வந்து வாசலை அடைத்துக்கொண்டன. குளிர் நாட்டில் மெதுவாக அவிழ வேண்டியது இங்கே ஒரே மூச்சில் கொட்டிவிடுகிறது. அப்படியானால் வரிசையை மாற்றிப் போட்டால் என்ன? உலர்ந்ததும் கசப்பானதும் முன்னால் வரட்டும், இனிப்பு பின்னால் மெதுவாக வரட்டும். அங்கிருந்துதான் இந்தக் கலவை தொடங்கியது.

பூவிலிருந்தே எடுத்துவிடலாமே என்று அம்மா சொன்னார். சேலத்தில் வ.உ.சி. பூ மார்க்கெட் இருக்கும்போது அது நியாயமான கேள்வி. விடிவதற்குள் போனால் பன்னீர் ரோஜா மூட்டை மூட்டையாக இறங்குகிறது, இதழ் இன்னும் குளிர்ந்திருக்கும். எண்ணெய்க்காகப் பறிக்கிற ரோஜாவை எல்லா நாட்டிலும் விடியற்காலையிலேயே பறிக்கிறார்கள். வெயில் ஏறினால் எண்ணெய் ஆவியாகிப் போய்விடும். ஆனால் கணக்குப் போட்டால் ஆசை அடங்கிவிடும். ஒரு கிலோ ரோஜா எண்ணெய்க்குச் சுமார் 3,500 முதல் 4,000 கிலோ பூ வேண்டும். அதாவது ஒரு கிலோ பூவுக்குக் கால் கிராம். வீட்டு இட்லிப் பானையில் அரை கிலோ பூவை அடைத்து, மூடியைக் கவிழ்த்து மேலே ஐஸ் வைத்து, நடுவில் கிண்ணம் வைத்துக் காய்ச்சினால் வருவது எண்ணெய் இல்லை, நல்ல பன்னீர். எண்ணெய் என்று ஏதாவது வந்தால் அது பானையின் பக்கத்தில் ஒட்டிக்கொண்டு போய்விடும்.

அந்தப் பன்னீரையும் காய்ச்சிப் பார்த்தேன், அதில் ஒரு பாடம் இருந்தது. ரோஜாவுக்குள் இருக்கும் ஃபினைல் எத்தில் ஆல்கஹால் என்ற பொருள் தண்ணீரில் ஓரளவு கரையும். நீராவியில் காய்ச்சும்போது அது எண்ணெயோடு சேராமல் தண்ணீரோடு போய்விடுகிறது. நாம் 'பன்னீர் வாசம்' என்று சொல்கிற அந்த மென்மையான, கொஞ்சம் தேன் போன்ற வாசம் பெரும்பாலும் இதுதான். எண்ணெய்ப் பக்கம் தங்குவது சிட்ரோனெலால், ஜெரானியால் போன்றவை. இவை கொஞ்சம் பச்சையாக, எலுமிச்சையும் இலையும் கலந்த மாதிரி இருக்கும். ஆக, கல்யாண வாசல் நினைவு வராமல் இருக்க வேண்டுமானால் முதல் பொருளைக் குறைத்து இரண்டாவது கூட்டத்தை ஏற்ற வேண்டும். இதற்கு மலிவான வழி ஜெரேனியம் எண்ணெய். நீலகிரியிலும் கொடைக்கானலிலும் பயிராகிற செடி. அதன் இலையைக் காய்ச்சி எடுக்கும் எண்ணெயில் அதே சிட்ரோனெலாலும் ஜெரானியாலும் நிறைய இருக்கின்றன. ரோஜாவின் உடம்பை ஜெரேனியத்தில் கட்டி, உயிருக்கு மட்டும் கொஞ்சம் ரோஜா அப்சல்யூட் சேர்த்துக்கொண்டேன். அப்சல்யூட் என்பது கரைப்பானில் ஊறவைத்து எடுப்பது. அடர் சிவப்பாக, பிசுபிசுவென்று, விலை மூச்சடைக்கும் அளவில் இருக்கும். தண்ணீரே படாததால் அதில் ஃபினைல் எத்தில் ஆல்கஹால் முழுசாக இருக்கும். எனவே அதைத் தனியாகக் கொட்ட வேண்டிய தேவையும் குறைகிறது.

உத்தரப் பிரதேசத்தில் அத்தர் காய்ச்சுகிற கன்னோஜ்காரர்கள் இந்தச் சிக்கலை எப்போதோ தீர்த்துவிட்டார்கள் என்பது வேறு விஷயம். செம்புப் பானையில் பூவைக் காய்ச்சி, ஆவியை நேராகச் சந்தன எண்ணெய்க்குள் இறக்குவார்கள். நழுவுகிற வாசனையைச் சந்தனம் பிடித்து வைத்துக்கொள்ளும். புவிசார் குறியீடு வாங்கிய தொழில் அது. நல்ல ரோஜா அத்தர் கையில் இருந்தால் நான் மேலே சொன்ன பாதி வேலையை விட்டுவிடலாம். ஆனால் சந்தன எண்ணெய் விற்கிற விலையில், அசல் சந்தனத்தில் இறக்கிய அத்தர் என்று மலிவாகக் கிடைத்தால் நான் நம்ப மாட்டேன்.

இனி காரம். சேலத்துக்காரிக்கு மிளகு என்றால் ஏற்காடு. அங்கே காபித் தோட்டத்து நிழலுக்கு நட்டிருக்கும் சில்வர் ஓக் மரங்களில்தான் மிளகுக் கொடி ஏறிக்கொண்டிருக்கும். வீட்டு மிளகை இடித்து எண்ணெயில் ஊறவைத்து உபயோகிக்கலாம் என்று தோன்றும், வேண்டாம். மிளகின் காரம் வேறு, மணம் வேறு. எரிச்சலைத் தருவது பிப்பெரின். அது ஆவியாகாது, எண்ணெயில் நன்றாகக் கரையும், கழுத்தில் தடவினால் வெயிலில் நெருப்பு. நீராவியில் காய்ச்சிய மிளகு எண்ணெயில் பிப்பெரின் வராது. மணம் மட்டும் வரும். அந்த மணத்தில் காரமே இல்லை என்பது முதல் தடவை முகர்கிறவர்களுக்கு வியப்பாக இருக்கும். பைன் மரம், கொஞ்சம் எலுமிச்சை, உலர்ந்த மரத்தூள், கடைசியில்தான் 'ஆமாம், மிளகு' என்று தோன்றும். ரோஜாவின் இனிப்பை அடக்குவதற்கு இதைவிட நல்ல ஆள் கிடையாது. ரோஜாவுக்கு மேலே மிளகை வைத்தால் இதழ் மெல்லியதாக, சுருக்கம் விழுந்ததாக, கொஞ்சம் திமிராக மாறுகிறது.

ஆபீஸில் எதிர் மேஜைக்காரர் மட்டும் மிளகே தெரியவில்லை என்று சாதித்தார். அவர் மூக்கைக் குறை சொல்வதற்கில்லை. மிளகுக்கு மிளகு மணம் தருகிற ரோட்டண்டோன் என்ற பொருளைப் பற்றி 2008ல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் வெளியிட்டபோது, சோதனையில் கலந்துகொண்டவர்களில் சுமார் ஐந்தில் ஒருவருக்குச் சோதித்ததிலேயே மிக அதிக அளவிலும் அது தெரியவே இல்லை. அவரும் அந்தக் கூட்டமாக இருக்கலாம். ரசத்தில் மட்டும் மிளகு போதவில்லை என்று தினமும் சொல்வார்.

கிராம்பில் கஞ்சத்தனம் வேண்டும். கிராம்புக்கு மணம் தருகிற யூஜினால் ரோஜாவிலேயே இயற்கையாகக் கொஞ்சம் இருக்கிறது, அதனால்தான் இரண்டும் ஒட்டிக்கொள்கின்றன. ஆனால் ஒரு சொட்டு கூடினால் பல் ஆஸ்பத்திரி நாற்காலி ஞாபகம் வந்துவிடும். பல் வைத்தியத்தில் தற்காலிகமாக அடைக்கும் பசையில் கலப்பது இதே யூஜினால்தான். கிராம்பை பத்து சதவீதக் கரைசலாக்கி, ரோஜாவின் முனையில் ஒரு கீறல் விழும் அளவுக்கு மட்டும் வைத்தேன். ஏலக்காயும் அப்படியே. ஏலக்காய் எண்ணெயின் முதல் மூச்சு யூகலிப்டஸ் போலக் குளிர்ச்சி. அந்தக் குளிர்ச்சிக்காக மட்டுமே அது வேண்டும், பாயசத்துக்காக இல்லை. பட்டையை முழுவதுமாக விட்டுவிட்டேன். அதிலுள்ள சின்னமால்டிஹைடு தோலில் ஒவ்வாமை கிளப்புவதில் பெயர் பெற்றது, சென்ட் தொழிலிலேயே அதற்குக் கடுமையான வரம்பு வைத்திருக்கிறார்கள்.

பழம்தான் கஷ்டம். சேலத்தில் இருந்துகொண்டு மாம்பழம் போடாமலா என்று எல்லோரும் கேட்டார்கள். மல்கோவாவைக் காய்ச்சினால் மல்கோவா வாசனை எண்ணெய் வராது, ஜாம் வரும். ஆரஞ்சு, எலுமிச்சை வகையில் தோலிலேயே எண்ணெய்ப் பைகள் இருப்பதால் பிழிந்தெடுக்க முடிகிறது. மற்றபடி சென்டில் நீங்கள் முகர்கிற பீச், ராஸ்ப்பெர்ரி, மாம்பழம் எல்லாம் ஆய்வகத்தில் கட்டியவை. இதில் எனக்குக் கூச்சம் எதுவும் இல்லை. 'எல்லாமே இயற்கை' என்று விற்கிற கடைகளைக் கண்டால்தான் கொஞ்சம் சந்தேகம் வருகிறது.

ஆரஞ்சு எண்ணெய் முதலில் சேர்ந்தது. ஏற்காட்டுக் கமலா ஆரஞ்சைக் கையில் உரிக்கும்போது நகத்தில் தெறிக்கிற அந்தக் கசப்பும் பளபளப்பும்தான் எனக்கு வேண்டியது, சுளையின் இனிப்பு இல்லை. எலுமிச்சை, பெர்கமாட் எண்ணெய்களைப் பிழிந்தெடுத்த வடிவில் தோலில் போட்டுக்கொண்டு வெயிலில் போனால் கருத்துப் புண்ணாகும் ஆபத்து உண்டு. சாத்துக்குடி இனத்து இனிப்பு ஆரஞ்சு எண்ணெயில் அந்தத் தொல்லை இல்லை. ஓமலூர் ரோட்டில் மதியம் ஸ்கூட்டி ஓட்டுகிறவளுக்கு இது சின்ன விஷயம் இல்லை.

அடுத்தது டமாசினோன். இந்தப் பதிவிலேயே எனக்கு மிகவும் பிடித்த பொருள் இதுதான். பல்கேரிய ரோஜா எண்ணெயிலிருந்து பிரித்தெடுத்து 1970ல் வெளியிட்டார்கள். எண்ணெயில் அது இருப்பது துளியிலும் துளி, ஆனால் ரோஜாவுக்கு ரோஜா என்ற ஆழம் வருவதில் அதற்குப் பெரிய பங்கு. தனியாக ஒரு சதவீதக் கரைசலில் முகர்ந்தால் வேகவைத்த ஆப்பிள், உலர்ந்த பிளம், கொஞ்சம் புகையிலை, அப்புறம் ரோஜா. அதாவது பழத்தை வெளியிலிருந்து கொண்டுவந்து ரோஜாவில் ஒட்ட வேண்டியதே இல்லை. ரோஜாவுக்குள் ஏற்கெனவே இருக்கிற பழத்தைக் கொஞ்சம் தூக்கிக் காட்டினால் போதும். லிச்சி விஷயத்திலும் இதே கதைதான். லிச்சிப் பழத்தின் மணத்துக்கு முக்கியக் காரணமான ரோஸ் ஆக்சைடு ரோஜாவிலும் ஜெரேனியத்திலும் இருக்கிறது. ஜெரேனியத்தை ஏற்றியதுமே லிச்சி தானாக எட்டிப் பார்த்தது. நான் லிச்சி என்று எதையும் வாங்கவில்லை.

டமாசினோன் வறுத்த காபியிலும் இருக்கிறது. சென்ட் கடைகளில் மூக்கு களைத்தால் முகரச் சொல்லிக் காபிக்கொட்டைக் கிண்ணம் நீட்டுவார்கள் அல்லவா? 2011ல் வெளியான ஒரு ஆய்வில் அது வெறும் காற்றைவிட எந்த வகையிலும் மேலாக வேலை செய்யவில்லை. ரோஜா சென்ட் கலக்கும்போது காபியை முகர்வது இன்னும் வேடிக்கை, எதைத் தேடுகிறோமோ அதன் உறவினரையே மூக்குக்குள் விடுகிறோம். சென்ட் செய்கிறவர்கள் பலரும் தங்கள் முழங்கை மடிப்பையோ சட்டைத் துணியையோ முகர்ந்து மூக்கைத் திருப்பி எடுப்பார்கள். நானும் அதையே செய்தேன். காபியைக் குடித்துக்கொண்டேன்.

அடித்தளத்துக்குச் சந்தனம், வெட்டிவேர், பச்சோலி. மூன்றும் மெதுவாக ஆவியாகிறவை, மேலே இருப்பதையும் கொஞ்சம் பிடித்து நிறுத்துகிறவை. இனிப்பு பீடாவிலிருந்து இந்தக் கலவையை வெளியே இழுத்துக்கொண்டு வந்தது வெட்டிவேர்தான் என்று உறுதியாகச் சொல்வேன். அந்த வேரின் மண் கசப்பு வந்ததும் 'சாப்பாடு' என்ற எண்ணம் மூக்கிலிருந்து விலகிவிடுகிறது. வெட்டிவேரை நாம் மண்பானைத் தண்ணீரில் போட்டுக் குடிப்போம் என்பது உண்மை. ஆனால் அது பசியைக் கிளப்பாத, தாகத்தோடு சேர்ந்த வாசனை.

அளவுக்கு வருகிறேன். சொட்டுக் கணக்கை நம்ப முடியாது. சந்தனத்தின் சொட்டு பெருசு, ஆரஞ்சின் சொட்டு சின்னது. எடை போடத்தான் வேண்டும். இந்த ஊரில் பிறந்ததன் லாபம், 0.01 கிராம் காட்டும் தராசு கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. சித்தப்பா பட்டறைத் தராசை ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் கொடுத்தார், தட்டில் எண்ணெய் ஒட்டக் கூடாது என்ற நிபந்தனையோடு. குப்பிகளும் டிராப்பரும் ஹோமியோபதி கடையில் வாங்கினேன். அந்தப் பழுப்புக் கண்ணாடிக் குப்பி வெளிச்சத்தைத் தடுக்கும். முகர்ந்து பார்க்க டிராயிங் நோட்டின் கெட்டித் தாளை விரல் அகலத்துக்கு வெட்டிக்கொண்டேன். கல்யாணப் பத்திரிகை அட்டை வேண்டாம், மை வாசனை அடிக்கும்.

மூன்று 10 மில்லி ரோல்-ஆன் பாட்டில்களுக்கான, நான் கடைசியாக நிறுத்திக்கொண்ட அளவு இது:

ஜெரேனியம் எண்ணெய் 1.35 கிராம்
ஃபினைல் எத்தில் ஆல்கஹால் 0.75
ரோஜா அப்சல்யூட் 0.30
மிளகு எண்ணெய் 0.36
இனிப்பு ஆரஞ்சு எண்ணெய் 0.45
ஏலக்காய் எண்ணெய், 10 சதவீதக் கரைசல் 0.30
கிராம்பு எண்ணெய், 10 சதவீதக் கரைசல் 0.20
டமாசினோன், 1 சதவீதக் கரைசல் 0.25
பீச் லாக்டோன் (பீச் பழ மணம் தரும் பொருள்), 10 சதவீதக் கரைசல் 0.12
பச்சோலி 0.24
வெட்டிவேர் 0.18
சந்தனம் 0.60
எம்.சி.டி. எண்ணெய் 24.90

மொத்தம் 30 கிராம். கரைசல்களையும் அதே எம்.சி.டி.யில்தான் செய்தேன். கிராம்பை நேராக 0.02 கிராம் எடை போட முயன்றால் தராசு நடுங்குவதிலேயே பாதி போய்விடும். கரைத்து வைத்துக்கொண்டால் 0.20 என்று நிதானமாகப் பார்க்கலாம். டமாசினோன் இறுதிக் கலவையில் 0.01 சதவீதத்துக்கும் கீழேதான் வருகிறது. அதை ஏற்ற ஆசை வரும், இஷ்டத்துக்கு ஏற்றாதீர்கள். அதற்கும் தோல் ஒவ்வாமை காரணமாக வரம்பு உண்டு, வாசனையும் ஒரே ஜாம் ஆகிவிடும்.

எம்.சி.டி. என்பது தேங்காய் எண்ணெயிலிருந்தே பிரித்தது, மணம் கிடையாது, உறையாது. சாதாரணத் தேங்காய் எண்ணெயில் கலக்கலாமா என்று கேட்பவர்களுக்கு: முதலில் அதன் வாசனை ரோஜாவை விழுங்கிவிடும். அடுத்து, 24 டிகிரிக்குக் கீழே போனால் உறைய ஆரம்பிக்கும். சேலத்தில் தப்பிக்கலாம், மார்கழியில் ஏற்காட்டுக்கு எடுத்துப் போனால் ரோல்-ஆன் உருளை நகராது. ஆல்கஹாலில் கலந்தால் வீச்சு அதிகம்தான், ஆனால் சுத்தமான ஆல்கஹாலை வீட்டுக்கு வாங்குவது நம் சட்டத்தில் லேசான காரியம் இல்லை. சானிடைசரை வைத்துக் கலப்பதாகச் சிலர் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். கையும் ரோஜாவும் இரண்டுமே கெடும்.

கலக்கும் வரிசை: அடித்தளம் மூன்றும் முதலில், அப்புறம் ரோஜாக் கூட்டம், பிறகு காரம், கடைசியில் ஆரஞ்சு. ரோஜா அப்சல்யூட் கெட்டியாக இருந்தால் குப்பியை வெதுவெதுப்பான தண்ணீரில் கொஞ்ச நேரம் நிறுத்தினால் இளகும். எம்.சி.டி. ஊற்றி மூடி, பீரோவுக்குள் இருட்டில் இரண்டு வாரம். கலந்த அன்று முகர்ந்தால் ஒவ்வொன்றும் தனித்தனியாகக் கத்தும், மிளகு ஒரு பக்கம், பச்சோலி ஒரு பக்கம். இரண்டு வாரத்தில் சண்டை ஓய்ந்து ஒரே வாசனையாக இறங்குகிறது. பிறகு முழங்கை மடிப்பில் ஒரு புள்ளி வைத்து இரண்டு நாள் பார்த்துவிட்டுத்தான் கழுத்துக்குப் போனேன். சிவந்தாலோ அரித்தாலோ அத்தோடு நிறுத்திவிட வேண்டும்.

சரி, போட்டுக்கொண்டால் எப்படி இருக்கிறது?

சேலத்தில், காலை ஒன்பது மணி, குளித்த உடம்பில்: முதல் சில நிமிடம் ஆரஞ்சுத் தோலும் மிளகும், கொஞ்சம் ஏலக்காய்க் குளிர்ச்சியும். ரோஜா என்று யாரும் சொல்ல மாட்டார்கள். அஸ்தம்பட்டி சிக்னலில் நிற்கும்போது ரோஜா வருகிறது, காம்பும் இலையும் சேர்ந்த பச்சை ரோஜா. பத்தரைக்கு டமாசினோன் பழம் தலைகாட்டுகிறது. பழுத்த பிளம் தோல், அதற்குமேல் கிராம்பின் கீறல். மதியத்துக்கு மேல் தோலில் இருப்பது வெட்டிவேரும் சந்தனமும், உள்ளே எங்கோ ஒரு காய்ந்த இதழும். ஏ.சி. அறையில் உட்கார்ந்தால் எல்லாம் அமுங்கிவிடுகிறது, வெளியே படியிறங்கியதும் மறுபடி எழுகிறது. நமக்கே வாசனை தெரியவில்லையே என்று மேலும் தடவக் கூடாது. தன் மேல் இருக்கிற வாசனையை மூக்கு சீக்கிரமே கணக்கில் எடுக்காமல் விட்டுவிடும். லிஃப்டில் ஏறுகிறவர்களுக்கு அது நன்றாகவே தெரியும்.

ஏற்காட்டில் இதே குப்பி வேறு சென்ட். சேலம் கடல்மட்டத்திலிருந்து 280 மீட்டர் போல, ஏற்காடு 1,500 மீட்டர். ஆயிரம் மீட்டருக்குச் சுமார் ஆறரை டிகிரி வீதம் குறையும் என்று வைத்தால் எட்டு டிகிரி வித்தியாசம். வாசனை என்பதே தோலிலிருந்து ஆவியாகிக் கிளம்புவது, எனவே எட்டு டிகிரி என்பது வேகத்தையே மாற்றுகிறது. அடிவாரத்தில் பஸ் ஏறும்போது தடவிக்கொண்டேன். இருபது கொண்டை ஊசி வளைவுகளும் முடிந்து ஏரி தெரியும்போது இன்னும் மிளகும் ஆரஞ்சும்தான் மேலே நின்றன. சேலத்தில் அந்நேரம் அவை காணாமல் போயிருக்கும். குமட்டல் வந்த பக்கத்து சீட்டுப் பாட்டி என் மணிக்கட்டைப் பிடித்து முகர்ந்துகொண்டே வந்தார். ஆரஞ்சுத் தோல் வைத்திருக்கிறேன் என்று நினைத்தாராம். இதைவிட நல்ல பாராட்டு எனக்கு வரவில்லை.

நாகலூர் பக்கம் தோழியின் அக்கா வீட்டுத் தோட்டத்தில் அன்று காபி பூத்திருந்தது. கோடை மழை ஒன்று பெய்து ஒன்பது பத்து நாளில் செடி முழுக்க வெள்ளையாகப் பூத்து, சில நாளிலேயே உதிர்ந்துவிடும். மல்லிகைக்குப் பக்கத்து வீட்டு வாசனை அது. 1820களில் சேலம் கலெக்டராக இருந்த எம்.டி. காக்பர்ன் இந்த மலைக்குக் காபியைக் கொண்டுவந்தபோது இந்த வாசனையையும் சேர்த்தே கொண்டுவந்தார் என்று நினைத்துக்கொண்டேன். அந்த வெள்ளைப் பூ வாசத்துக்குள் என் ரோஜா கனமாக, கொஞ்சம் வயதானதாகத் தெரிந்தது. அக்கா முகர்ந்துவிட்டு, "நல்லாத்தான் இருக்குங்க, ஆனா ரோஜா எங்கே?" என்றார். அரை மணி நேரம் பொறுத்து மறுபடி முகரச் சொன்னேன். "இப்ப வந்துடுச்சு" என்றார். குளிரில் அந்த அரை மணி நேரத்தைக் கொடுத்தே ஆக வேண்டும்.

இதனால் இப்போது இரண்டு குப்பி வைத்திருக்கிறேன். மேலே கொடுத்த அளவு சேலத்துக்கானது. மலைக்கும் மார்கழிக்கும் மிளகை 0.24க்கு இறக்கி, டமாசினோன் கரைசலை 0.35க்கு ஏற்றி, பீச்சை அப்படியே விட்டேன். அங்கே இனிப்புக்கு இடம் இருக்கிறது, குளிர் அதைக் கட்டிப்போட்டு வைக்கும். சேலத்தில் அதே குப்பியைத் திறந்தால் சித்தப்பா மறுபடி பீடா என்பார். சோதித்தும் பார்த்தேன், "பீடா இல்லை, வெத்தலை பாக்கு" என்றார். ஒரு படி முன்னேற்றம் என்று எடுத்துக்கொண்டேன்.

சில நடைமுறை விஷயங்கள். அப்சல்யூட்டும் பச்சோலியும் நிறம் உள்ளவை, எண்ணெய் வேறு. வெள்ளைப் பருத்தியில் பட்டால் கறை போகாது. புடவையில் போடாமல் தோலில் மட்டும், காதுக்குப் பின்னாலும் முழங்கை மடிப்பிலும் போடுவேன். வெயில் காலத்தில் முழங்காலுக்குப் பின்னால் வைத்தால் வாசனை கீழிருந்து மெதுவாக ஏறும், பக்கத்து ஆளை அடிக்காது. ஆரஞ்சு எண்ணெயிலுள்ள லிமோனின் காற்றுப் பட்டுப் பழசாகும்போது தோலை உறுத்தும் பொருளாக மாறுகிறது. அதனால் குப்பியை நிறைய நிரப்பி வைப்பது நல்லது, ஆறு மாதத்துக்கு மேல் வைத்துக்கொள்ளாமல் புதிதாகக் கலந்துகொள்கிறேன். ஆபீஸில் இரண்டு பேர் காசு கொடுத்து வாங்கிக்கொள்கிறோம் என்றார்கள். 2020 அழகுசாதனப் பொருள் விதிகளின்படி விற்பனைக்குத் தயாரிக்க உரிமம் வேண்டும், எனவே அளவைத்தான் எழுதிக் கொடுத்தேன்.

தலையில் மல்லி வைக்கும் நாளில் மட்டும் இந்தக் கலவை கொஞ்சம் தடுமாறுகிறது. மல்லியிலுள்ள இண்டோல் என்ற பொருளின் வாசனை கனமானது, அதோடு பீச் சேர்ந்தால் அழுகத் தொடங்கிய பழம் போல ஆகிவிடுகிறது. தினமும் பூ வைக்கிறவர்கள் பீச் லாக்டோனை முழுவதும் எடுத்துவிட்டு, அந்த 0.12 கிராமை வெட்டிவேரில் சேர்த்துக் கலக்கிப் பாருங்கள்.